எடைக்குப் போட மனசு வராத சொம்பு: பொருள்கள்மீது வரும் பாசம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்னப் பாத்திரக் கடை. புதுசு விற்பதோடு பழைய பித்தளை, செம்பு, எவர்சில்வரை எடைக்கு எடுப்பதும் உண்டு. தராசுக்குப் பக்கத்தில் இருபது வருஷம் உட்கார்ந்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். சாக்குப் பையிலிருந்து பத்துப் பாத்திரம் வெளியே வந்தால் ஒன்பது தட்டில் ஏறும், ஒன்று திரும்பப் பைக்குள் போகும். திரும்பிப் போகும் அந்த ஒன்றைப் பற்றித்தான் இந்தப் பக்கம்.

கடைக்கு வருகிறவர்கள், வீடு மாறும் நண்பர்கள், சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதிலில் பாதி கடையில் பார்த்தது, பாதி படித்தது. நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம் எது என்பதை அந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

வெறும் உலோகம்தானே, அதன்மேல் எதற்கு இவ்வளவு பாசம்?

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அறுபது வயசுக்கு மேல் இருக்கும். வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள், பரண் சாமான் எல்லாம் எடைக்கு. குடம், தவலை, இரண்டு அண்டா, இட்லிக் கொப்பரை எல்லாம் மளமளவென்று ஏறின. கடைசியாக ஒரு பித்தளைச் சொம்பு. இடுப்பில் ஒரு நசுங்கல், கழுத்தைச் சுற்றிப் புள்ளிபுள்ளியாக வெட்டிய பெயர். பாதி எழுத்து தேய்ந்து போயிருந்தது. அவர் அதைத் தட்டில் வைத்தார், எடுத்தார், கட்டை விரலால் அந்தப் பெயரைத் தடவினார், மறுபடி வைத்தார். நான் எடையைச் சொல்வதற்குள், “இது மட்டும் இருக்கட்டும் தம்பி, எங்க அப்பா பேரு” என்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அரைக் கிலோகூட இருக்காது.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே இதைத் தொட்டு எழுதிவிட்டார். ஒரு மனிதனுடைய ‘நான்’ என்பது உடம்போடும் மனசோடும் முடிவதில்லை; அவன் துணிமணி, வீடு, பெண்டாட்டி பிள்ளை, நிலம், ‘என்னுடையது’ என்று அவன் சொல்லும் அத்தனையும் அதில் சேர்த்தி என்பது அவர் கருத்து. 1988-ல் ரஸ்ஸல் பெல்க் என்ற ஆய்வாளர் இதை இன்னும் விரித்து, நம் உடைமைகள் நம்முடைய நீட்சி என்றார். ஒரு பொருள் தொலைந்தால் கை ஒடிந்த மாதிரி இருக்கிறது என்று நாம் சொல்வது அப்படியொன்றும் மிகையான பேச்சு இல்லை.

ஆனால் இரண்டு பேருமே ‘நான், என்னுடையது’ என்பதில்தான் நிற்கிறார்கள். நம் வீடுகளில் சங்கதி கொஞ்சம் வேறு. அந்தச் சொம்பு அந்த அம்மா வாங்கியதில்லை. தாய் வீட்டுச் சீராக வந்தது. நம் வீட்டில் முக்கால்வாசி சாமான் யாரோ ஒருவர் கையிலிருந்து வந்ததுதான். என் கணக்கில், பாசம் அந்தக் கையின்மேல். பொருள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பாத்திரத்தில் பெயர் வெட்டுவது அதற்காகத்தானா?

ஆரம்பம் என்னவோ நடைமுறைதான். ஊரில் ஒரு விசேஷம் என்றால் அண்டாவும் கரண்டியும் தெரு முழுக்கப் போகும். திரும்பி வர வேண்டுமென்றால் பெயர் வேண்டும். அப்புறம் மொய்க்குப் பதிலாகப் பாத்திரம் வைக்கும் வழக்கம் வந்தது. ‘இன்னார் அன்பளிப்பு’ என்று தேதியோடு வெட்டிக் கொடுத்தோம். முன்பு சின்ன உளியும் சுத்தியலும். ‘டிக் டிக்’ என்று ஒவ்வொரு புள்ளியாக எழுத்து வரும். இப்போது கரண்டில் ஓடும் மெஷின், ‘கிர்ர்’ என்று ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். எழுத்துப் பிழை மட்டும் அன்றும் இன்றும் மாறவில்லை.

மதுரையிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டரில், சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் கீழடி இருக்கிறது. 2014–15-ல் தொடங்கிய அகழாய்வில், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் ஆட்களின் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. ‘ஆதன்’ என்ற பெயர் அதில் ஒன்று. 2023-ல் திறந்த அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட ஓடுகளைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். நான் போனபோது ஒரு ஓட்டின் முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டேன். மற்றவர்கள் நகர நாகரிகம் பார்த்தார்கள். எனக்கு எங்கள் தொழில்தான் கண்ணில் பட்டது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால், மண் பானையில் ஒருவர் பெயரைக் கீறியிருக்கிறார்கள்!

கீழடிக்குப் பக்கத்திலேயே கொந்தகை. அது அந்த மக்களின் இடுகாடு. அங்கே தோண்டிய முதுமக்கள் தாழிகளில் எலும்போடு சின்னச் சின்ன மண் கலங்களும் மணிகளும் இருந்தன. போகிறவருக்கு அவர் சாமானைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் அப்பத்தா போனபோது சுருக்குப்பையை அவள் கையிலேயே வைத்து அனுப்பினோம். எடுத்து வைத்தது சித்தப்பா. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

நான் விற்கப் போனால் மட்டும் ஏன் எல்லாரும் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள்?

தராசில் உட்கார்ந்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? சரி, சொல்கிறேன். சில கடைகளில் எடையில் விளையாடுவது உண்டு, மறைக்கவில்லை. ஆனால் நேர்மையான விலை சொன்னாலும் நீங்கள் முகம் சுளிப்பீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் என்று மூன்று பேர் 1990-ல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று. மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு காபிக் கோப்பை கொடுத்தார்கள். என்ன விலை என்றால் விற்பீர்கள் என்று அவர்களையும், என்ன விலை என்றால் வாங்குவீர்கள் என்று கோப்பை கிடைக்காதவர்களையும் கேட்டார்கள். கைக்கு வந்து சில நிமிஷம்தான் ஆன கோப்பை. அதற்கே விற்பவர்கள் சொன்ன விலை வாங்குபவர்கள் சொன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்கு முந்தின வருஷம் நெட்ஷ் தனியாகச் செய்தது இன்னும் வேடிக்கை. கோப்பையா சாக்லேட்டா என்று நேராகக் கேட்டால் 56 சதவீதம் பேர் கோப்பையை எடுத்தார்கள். முதலில் கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டு, சாக்லேட்டுக்கு மாற்றிக்கொள்கிறீர்களா என்றால் 89 சதவீதம் பேர் கோப்பையே போதும் என்றார்கள். சாக்லேட்டை முதலில் வாங்கியவர்களில் 90 சதவீதம் பேர் சாக்லேட்டை விடவில்லை.

பொருளாதாரக்காரர்கள் இதை ‘எண்டோமென்ட் எஃபெக்ட்’ என்கிறார்கள். கைக்கு வந்ததுமே மதிப்பு கூடிவிடுகிறது, கையை விட்டுப் போவது நஷ்டமாக வலிக்கிறது. சில நிமிஷக் கோப்பைக்கே இப்படி என்றால் நாற்பது வருஷம் சாம்பார் கொதித்த பாத்திரத்துக்கு நான் சொல்லும் கிலோ விலை எப்படிப் பிடிக்கும்?

அப்படியானால் இது எல்லா மனிதருக்கும் பிறவிக் குணமா?

அப்படி ஒரே அடியாகச் சொல்ல முடியாது. தான்சானியாவில் ஹட்சா என்று வேட்டையாடி வாழும் மக்கள் இருக்கிறார்கள். பிஸ்கட், லைட்டர் மாதிரிப் பொருள்களைக் கொடுத்து அவர்களிடம் இதே சோதனையைச் செய்தார்கள்; முடிவு 2014-ல் வந்தது. சுற்றுலாப் பயணிகளோடும் சந்தையோடும் பழகியவர்கள் கையில் கிடைத்ததை விட மறுத்தார்கள். வெளியாள் வாடையே படாமல் உள்ளே வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய பாதிக்குப் பாதி சாதாரணமாக மாற்றிக்கொண்டார்கள். பங்கு போட்டுத் தின்று பழகிய இடத்தில் ‘என்னுடையது’ அவ்வளவு இறுகவில்லை போல.

அதே மாதிரி புதுசு வாங்கிக் கொடுத்தால் ஏன் ஆறுதல் வருவதில்லை?

புரூஸ் ஹூட், பால் புளூம் இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. எதைப் போட்டாலும் அச்சு அசலாக இன்னொன்று வரும் ‘நகல் மெஷின்’ என்று குழந்தைகளை நம்ப வைத்தார்கள். சாதாரணப் பொம்மை என்றால் நகலை வாங்கிக்கொள்ளப் பிள்ளைகளுக்கு ஆசை. தினமும் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மை என்றால் பெரும்பாலும் பழசுதான் வேண்டும் என்றார்கள். சில பிள்ளைகள் அதை மெஷினுக்குள் வைக்கவே விடவில்லை.

பெரியவர்களும் இதே கதைதான். காந்தி மதுரையில் 1921 செப்டம்பர் 22 அன்று, மேல மாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் மற்ற உடைகளை விட்டு அரை வேட்டிக்கு மாறினார். அதே ஊரில், ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959-ல் திறந்த காந்தி அருங்காட்சியகத்தில், அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த துணி கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டே வருவார்கள். அந்த அறைக்குள் நுழைந்ததும் சத்தம் தானாக அடங்கும். அதே நெசவில், அதே அளவில் புதுத் துணி வைத்தால் யார் நிற்கப் போகிறார்கள்? உடைமை வேண்டாம் என்று விட்ட மனிதரின் கடைசி உடைமையை நாம் விட முடியாமல் வைத்திருக்கிறோம். எனக்கு அது முரணாகப் படவில்லை. அவர் விட்டது அவருடையதை, நாம் வைத்திருப்பது அவரை.

இதில் என் சொந்த நோவு ஒன்றும் உண்டு. அம்மாவின் ரெட்டை வடச் சங்கிலியை ஒரு அடகுக் கடையில் வைத்தோம். தவணை தள்ளிப் போய் நகை முங்கிவிட்டது. நோட்டீஸ் அனுப்பினோம் என்றார்கள், எங்களுக்கு வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து தெற்கு ஆவணி மூல வீதியில் அதே எடையில், அதே அச்சில் செய்யச் சொல்லி வாங்கி வந்தேன். அம்மா கழுத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, “நல்லாருக்குப்பா” என்றார். பழைய சங்கிலியின் கொக்கியில் ஒரு நூல் சுற்றியிருக்கும், அவர் சுற்றியது. புதுசின் கொக்கியை அவர் விரல் தேடியதை நான் பார்த்தேன்.

குழந்தை ஒரு கிழிந்த துணியை விடவே மாட்டேன் என்கிறது. பிடுங்கி எறியலாமா?

வேண்டாம். டொனால்ட் வினிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளரும்கூட, 1950-களின் தொடக்கத்திலேயே இதை எழுதியிருக்கிறார். அம்மா வேறு, தான் வேறு என்று குழந்தைக்குப் புரியத் தொடங்கும் காலத்தில் அந்த இடைவெளியைத் தாண்ட ஒரு துணியோ பொம்மையோ பாலமாக இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் தொட்டில் கட்டிய அம்மாவின் பழைய சேலைதான். துவைப்பதாக இருந்தால் பிள்ளையிடம் காட்டிச் சொல்லிவிட்டுத் துவையுங்கள். வாசனை போய்விட்டது என்று ஒரு நாள் ரகளை நடக்கும், தாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை அதை ஒரு நாள் தானாகவே மறந்துவிடும். சேலைக்காரிதான் அந்தத் துண்டை எடுத்துப் பத்திரப்படுத்துவாள்.

போட்டோவைப் பார்த்தால் அழுகை வரவில்லை, சேலையை முகர்ந்தால் வந்துவிடுகிறதே?

பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தாலமஸ் என்ற சந்திப்பு வழியாகச் சுற்றித்தான் மற்ற இடங்களுக்குப் போகின்றன. வாசனைக்கு அந்தச் சுற்று தேவையில்லை. உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கும் நினைவைக் கையாளும் ஹிப்போகேம்பஸுக்கும் அது பக்கத்து வீடு. யோசிப்பதற்கு முன்னாலேயே கண்ணீர் வருவது அதனால்தான்.

இந்த ஊரில் பல பீரோக்களில் ஒரு சுங்குடிச் சேலை இப்படி இருக்கும். சௌராஷ்டிரர்கள் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்து வளர்த்த சேலை அது, 2005-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. பருத்தி என்பதால் மஞ்சள், விபூதி, அடுப்படி எல்லா வாடையும் அதில் ஏறி நிற்கும். துவைக்காமல் வைத்திருக்கிறேன், தப்பா என்று ஒரு நண்பன் கேட்டான். ஒரு தப்பும் இல்லை. காற்றுப் புகாத பையில் வை, அடிக்கடி திறக்காதே என்று மட்டும் சொன்னேன்.

வண்டியோடு பேசுகிறேன். எனக்கு ஏதும் கோளாறா?

டிவிஎஸ் 50 வைத்திருந்த யாரும் அதோடு பேசாமல் இருந்ததில்லை. 1980-ல் வந்த வண்டி. சிலர் இன்னும் அதில்தான் மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றிப் போகிறார்கள். மேட்டில் திணறும்போது “ஏறிடுடா, ஏறிடுடா” என்பார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் சுத்தியலையும் தராசையும் கழுவிப் பொட்டு வைத்து, “இன்னைக்கு அதுக்கு ஓய்வு” என்று தொடாமல் இருக்கும் ஊரில் இதெல்லாம் கோளாறு இல்லை.

போகிக்குப் பழசை எல்லாம் எரித்துவிடச் சொல்கிறார்களே?

‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்று மேற்கோள் வேறு காட்டுவார்கள். அது நன்னூல் என்ற இலக்கண நூலில் மொழி மாறுவதைப் பற்றி வருவது. உங்கள் பரணைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பாயையும் கிழிசலையும் கழியுங்கள், டயரை எரிக்காதீர்கள்.

அப்பா எதையும் வெளியே போட விடுவதில்லை. இது வியாதியா?

பெரும்பாலும் இல்லை. பஞ்சத்தில் வளர்ந்தவர்கள் சணல் கயிற்றையும் ஹார்லிக்ஸ் பாட்டிலையும் சேர்ப்பார்கள். என்றைக்காவது உதவும் என்பார்கள், உதவவும் செய்யும். பேத்தியின் பள்ளி வேலைக்கு எங்கள் தெருவில் எத்தனை பேர் ஒரு பெரியவரின் பெட்டியைத்தான் தேடி ஓடியிருக்கிறார்கள்!

கவனிக்க வேண்டிய இடம் வேறு. கட்டிலில் படுக்க முடியாத அளவு, அடுப்படியில் சமைக்க முடியாத அளவு சாமான் ஏறிவிட்டது. குப்பைக்கும் பொக்கிஷத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஒரு காகிதத்தை எடுத்தால்கூடப் பதறுகிறார். வீட்டுக்கு ஆள் வருவதே நின்றுபோனது. இப்படி இருந்தால் அது பொருள் குவிப்புக் கோளாறாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-ல் இதைத் தனிக் கோளாறாகவே பட்டியலில் சேர்த்தது. பேச்சு வழிச் சிகிச்சை இருக்கிறது. 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். அவர் ஊருக்குப் போயிருக்கும்போது லாரி வைத்து அள்ளாதீர்கள். அப்படி அள்ளி எங்கள் கடைக்கு ஒரு மகன் கொண்டுவந்தார். மறுநாள் காலையில் கடை திறக்கும்போது அவர் அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு இரண்டு மடங்கு சேர்த்துவிட்டார் என்று மகனே வந்து சொன்னார்.

ஃபிளாட்டில் இடமில்லை. எப்படித்தான் விடுவது?

2017-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு, நினைவுக்காக வைத்திருக்கும் பொருளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் தானம் கொடுக்கும் மனசு கூடுகிறது என்கிறது. செய்து பாருங்கள், பணமா செலவு?

ஆனால் தராசில் உட்கார்ந்து நான் கண்டது: ஆட்களுக்குத் தூக்கிப் போடத்தான் முடியாது, கொடுக்க முடியும். ‘எடைக்கு எவ்வளவு’ என்றால் இறுகுகிற கை, ‘இது யாருக்கு’ என்றால் கொஞ்சம் தளர்கிறது. அம்மியும் ஆட்டுக்கல்லும் இதற்கு நல்ல உதாரணம். எங்கள் பக்கத்தில் அம்மியைத் தெருவில் போட யாருக்கும் மனசு வராது. மூன்றாவது மாடிக்குத் தூக்கவும் முடியாது. அதையே, கிராமத்தில் வீடு கட்டும் சித்தி மகளுக்கு வேணுமாம் என்று சொல்லிப் பாருங்கள். அன்று சாயங்காலமே லோடு ஆட்டோ பிடித்துவிடுவார்கள். வேலை செய்ய வரும் அக்காவுக்கு, கோயில் அன்னதானத்துக்கு, முதியோர் இல்லத்துக்கு, யாருக்கானாலும் சரி. வாங்குபவரின் முகம் தெரிய வேண்டும், பொருள் புழங்க வேண்டும். பழைய துணிக்குப் பிளாஸ்டிக் டப் வாங்கும்போது வராத நிம்மதி இதில் வரும்.

அந்தத் திருமங்கலத்து அம்மா எட்டு மாசம் கழித்துத் திரும்ப வந்தார். கூடவே பேத்தி, ப்ளஸ் டூ படிக்கிற பெண். அதே சொம்பு. அப்பா பெயருக்குக் கீழே பேத்தி பெயரை வெட்டித் தரச் சொன்னார். மெஷினை எடுத்தேன். “அது வேணாம் தம்பி, மேல இருக்குற மாதிரியே புள்ளியா வரட்டும்” என்றார். உளியைத் தேடி எடுக்கவே பத்து நிமிஷம் ஆனது. முதல் எழுத்து கோணலாக விழுந்துவிட்டது.

நீங்கள் எதை விடாமல் வைத்திருக்கிறீர்கள்?

கடையின் பழைய கைத் தராசு. எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு அதற்கு வேலை இல்லை. தாத்தா பிடித்த இடத்தில் முள்ளுக்கு மேலே இரும்பு வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். கொடுக்க ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். மகள், “இதை வச்சு நான் என்னப்பா பண்றது?” என்றாள், நியாயம்தான். ஆயுத பூஜைக்கு இறக்கி, தட்டு இரண்டையும் புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் பரணில் ஏற்றிவிடுகிறேன். போன வருஷம் ஏணியைப் பிடித்துக்கொண்டது அவள்தான்.